ஈகையிலிருந்து அமைப்புக்கு: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் எளியோர்க்கான மருத்துவ அறமும்

முன்னுரை

இலாப நோக்கற்ற மருத்துவ நிறுவனங்கள் வசதி குறைந்த மக்களுக்கு எவ்வாறு துணைநிற்கின்றன என்னும் வினா, பெரும்பாலும் பொருளியலாரும் மேலாண்மைத் துறையினரும் மட்டுமே ஆராயும் வினாவாக இருந்து வருகிறது. தமிழியல், இந்தியவியல் துறைகளில் பயில்வோர் அதனைத் தமக்குரிய பொருளாகக் கருதுவது அரிது. ஆயினும் ஈகை, அறம், கொடை என்னும் கருத்தாக்கங்கள் நம் இலக்கியக் கல்வியின் நடுவே நிற்பவை. அக்கருத்தாக்கங்கள் ஒரு நிறுவனமாக உருப்பெறும்போது என்ன நேர்கிறது, எவை வளர்கின்றன, எவை தேய்கின்றன என்பதைக் காண்பதற்குத் தமிழ் மண்ணிலேயே தோன்றி உலகக் கவனத்தைப் பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது 1976இல் மதுரையில் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனையாகும்.

இந்நிறுவனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டுள்ளது. 1993இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி அதனை ஒரு பாடநிகழ்வாக வெளியிட்டது. 2004இல் சி. கே. பிரகலாத், வறியோர் சந்தையைப் பற்றிய தம் நூலில் அதனை விரிவாக எடுத்தாண்டார். 2008இல் உலக நலத்துக்கான கேட்ஸ் விருதும், 2010இல் கான்ராட் ஹில்டன் மனிதநேய விருதும் அதற்குக் கிட்டின. இவ்வெழுத்துகளுள் பல, அதனை ஒரு வணிக விந்தையாகவே காட்டுகின்றன. இக்கட்டுரையில் நாம் மூன்று வினாக்களை முன்வைக்கிறோம். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு மருத்துவம் அளித்தும் இந்நிறுவனம் நிலைத்திருப்பது எவ்வாறு? இலவசமாக அளித்துவிட்டால் மருத்துவம் எளியோரைச் சென்றடைந்துவிடுமா? இம்முறை பிற நோய்களுக்கும் பிற நாடுகளுக்கும் எந்த அளவுக்குப் பொருந்தும்?

1. ஆதுலர் சாலை: ஒரு முன்வரலாறு

கொடையால் நடைபெறும் மருத்துவமனை தமிழகத்துக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் காணப்படும் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர் சாலையை விவரிக்கிறது. ஆதுலர் என்பார் நோயுற்றோர். அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நீர் கொணர்பவர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியம் நெல்லாகவும் காசாகவும் வரையறுக்கப்பட்டிருந்தது. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன.

இக்கல்வெட்டில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, அது இரக்கத்தை மட்டும் பேசவில்லை. பணியாளர், ஊதியம், மருந்திருப்பு ஆகியவற்றைப் பேசுகிறது. கொடையாளர் மறைந்த பின்னரும் அறம் நடைபெற வேண்டுமானால் அதற்கு ஓர் ஒழுங்கமைப்பு வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் எனலாம். இரண்டாவது, அந்த ஆதுலர் சாலை கோயிலையும் அதனைச் சார்ந்த கல்விச்சாலையையும் சேர்ந்தவர்களுக்கே அமைந்தது. ஊரிலுள்ள வறியோர் அனைவர்க்கும் அது திறந்திருந்ததாகக் கொள்வதற்கில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாக வகுக்கிறது. அந்நோயாளர் யார், வாயிலுக்கு வர இயலாதவரும் அதனுள் அடங்குவரா என்னும் வினாவுக்கு விடைகாணும் பொறுப்பு பிற்காலத்தார்க்கு விடப்பட்டது. தற்காலத்தில் அவ்வினாவை எதிர்கொண்ட முயற்சிகளுள் ஒன்றாகவே அரவிந்தை நாம் காண்கிறோம்.

2. தோற்றமும் பின்புலமும்

நிறுவனர் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1944இல் மருத்துவரானார். உறவுப் பெண்கள் சிலர் பேறுகாலத்தில் மருத்துவ உதவியின்றி இறந்ததைக் கண்ட அவர், மகப்பேற்று மருத்துவராகவே விரும்பினார். இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் கடுமையான முடக்குவாத நோய் அவரைத் தாக்கியது. விரல்கள் வளைந்து உறைந்தன. மகப்பேற்று மருத்துவம் கைகூடவில்லை. எனவே கண் மருத்துவம் பயின்று, உருக்குலைந்த விரல்களால் அறுவைக்கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டார். அக்கைகளால் அவர் தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைமையேற்ற அவர், சிற்றூர்கள்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். 1976இல், தம் 58ஆம் அகவையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடகு வைத்தும் குடும்பத்தாரின் நகைகளை ஈடுவைத்தும் முதலைத் திரட்டினர். தங்கை மருத்துவர் கோ. நாச்சியாரும் அவர்தம் கணவர் மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமியும் உடன் உழைத்தனர், தம்பி கோ. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் கவனித்தார். நிறுவனர் பெரிதும் மதித்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரே நிறுவனத்துக்கு இடப்பெற்றது.

தொடக்கத்திலேயே மூன்று நெறிகள் வகுக்கப்பட்டன: நாடி வரும் எவரையும் திருப்பியனுப்புதல் கூடாது; தரத்தில் குறை வைத்தல் கூடாது; நிறுவனம் தன் காலிலேயே நிற்க வேண்டும். இம்மூன்றும் தனித்தனியே எளியவை. ஒருங்கே கடைப்பிடிப்பதுதான் அரிது. முதல் நெறியை மட்டும் கொண்டால் பணம் தீர்ந்துபோகும். மூன்றாம் நெறியை மட்டும் கொண்டால் வறியோர் வெளியே நிற்பர். முதலும் மூன்றும் மட்டும் இருப்பின் வறியோர்க்குத் தரங்குறைந்த மருத்துவமே எஞ்சும். இந்நிறுவனத்தின் பின்னைய வரலாறு முழுவதும், இம்மூன்றையும் ஒன்றோடொன்று முரணாமல் வைத்திருப்பதற்கான முயற்சியின் வரலாறே எனலாம்.

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி எனத் தொடங்கிச் சென்னை, திருப்பதி வரை அதன் கிளைகள் விரிந்தன. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட புறநோயாளர் வருகையும், நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை, லேசர் சிகிச்சைகளும் அதன் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. நிறுவனர் 2006 சூலையில் மறைந்தார். ஒரு தனிமனிதரின் ஈகையாக மட்டும் இருந்திருப்பின், அவ்வளவோடு அது தளர்ந்திருக்கும்.

3. செலவைக் குறைத்த வழி

கண்புரை அறுவையில் மிகுதியும் அருமையான வளம் அறுவை மருத்துவரின் நேரமாகும். கட்டடம், கருவி, பணியாளர் ஆகியவற்றுக்கான செலவு, பத்துப் பேருக்கு அறுவை செய்தாலும் நூறு பேருக்குச் செய்தாலும் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, மருத்துவரின் நேரம் வீணாகாதவாறு பணியை ஒழுங்குசெய்தால், ஓர் அறுவைக்கான செலவு தானே குறையும். இதுவே அரவிந்தின் அடிப்படைக் கணக்கு.

அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அமைக்கப்படுகின்றன. ஒரு மேசையில் அறுவை நிகழும்போதே மற்றதில் அடுத்த நோயாளர் ஆயத்தப்படுத்தப்படுகிறார். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை மறுபுறம் திருப்பிக்கொள்கிறார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய பணிகள் நீங்கலாக, பார்வை அளத்தல், கண்ணழுத்தம் பார்த்தல், வில்லையின் அளவைக் கணித்தல், நோயாளரை ஆயத்தம் செய்தல், அறிவுரை கூறுதல் ஆகிய அனைத்தையும் பயிற்சி பெற்ற இடைநிலைப் பணியாளர்கள் செய்கின்றனர். இதனால் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 கண்புரை அறுவைகளைச் செய்ய இயலுகிறது. அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவகம், எங்குச் சென்றாலும் ஒரே தரத்தைக் குறைந்த விலையில் தரும் முறையைக் கண்டு, பார்வையையும் அவ்வாறு வழங்கலாகாதா என்று வெங்கடசாமி வினவியது பலரும் அறிந்த செய்தியாகும்.

இவ்விடத்து ஐயம் ஒன்று எழுவது இயல்பு. விரைவு தரத்தைக் கெடுக்காதா? அறுவைக்குப் பின் கண்ணினுள் ஏற்படும் கிருமித்தொற்று மிகவும் அஞ்சத்தக்கது. பார்வையையே பறிக்க வல்லது. 2017இல் வெளியான ஆய்வொன்றில், அரவிந்த் மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆறு இலட்சம் கண்புரை அறுவைகள் ஆராயப்பட்டன. அறுவையின் முடிவில் மோக்சிஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணினுள் செலுத்தும் வழக்கத்தை மேற்கொண்ட பின்னர், இத்தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தது தெரியவந்தது. ஒரே வகை அறுவையைப் பல்லாயிரம் முறை செய்து, ஒவ்வொன்றின் விளைவையும் பதிவு செய்து, தவறுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தாலன்றி இத்தகைய ஆய்வு கைகூடாது. எண்ணிக்கையின் பெருக்கம், பதிவும் தன்னாய்வும் உடனிருக்கும்போது, தரத்துக்குத் துணையாகவும் அமையும் என்பது இதனால் பெறப்படுகிறது.

4. கட்டணமும் தன்மதிப்பும்

அரவிந்தில் கட்டணம் செலுத்துவோரும், மிகக் குறைந்த கட்டணம் செலுத்துவோரும், எதுவும் செலுத்தாதோரும் உளர். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெறும் உபரியே பிறருக்கான செலவைப் பெரிதும் தாங்குகிறது. முகாம் வழியாக வருவோரின் அறுவைக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் மானியமும் உதவுகிறது. அறுவைகளுள் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ இலவசமாகவோ பெருஞ்சலுகையிலோ செய்யப்பட்டு வந்துள்ளன.

இம்முறையில் நாம் சிறப்பாகக் கருதுவது, எவ்வளவு செலுத்துவது என்பதை நோயாளரே தெரிவுசெய்தலாகும். வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கட்டணப் பிரிவில் தனியறை, குளிரூட்டல் முதலிய வசதிகள் மிகுதி. இலவசப் பிரிவில் நோயாளர் பொது அறையில் பாயில் படுப்பர். ஆனால் இரு பிரிவுகளிலும் மருத்துவர்கள் மாறிமாறிப் பணியாற்றுகின்றனர். வசதி படைத்தவர் இலவசப் பிரிவில் புகுந்து பயன்பெற மாட்டாரா என்று கேட்கலாம். ஒரு சிலர் அவ்வாறு செய்யக்கூடும். அச்சிலரைத் தடுப்பதற்காக ஆயிரம் ஏழைகளைச் சான்றிதழ் தேடி அலையவிடுவதிலும், அச்சிறு இழப்பை ஏற்றுக்கொள்வது அறத்துக்கும் கணக்குக்கும் ஒருங்கே ஏற்றது. தமிழ் மரபில் இரத்தலின் இழிவு பற்றிப் பேசப்படும் இடங்களை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். உதவி பெறுவோர் இரந்து நிற்க வேண்டாத வகையில் ஓர் அமைப்பை வகுத்தல், அவ்விழிவை நீக்கும் நடைமுறை வழிகளுள் ஒன்று எனலாம்.

ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. கட்டணப் பிரிவில் மீயொலி அலைகளால் புரையைக் கரைத்தெடுக்கும் பேக்கோ முறை மிகுதியாகவும், இலவசப் பிரிவில் கருவிச் செலவு குறைந்த, தையல் தேவைப்படாத சிறுகீறல் முறை மிகுதியாகவும் கையாளப்படுகின்றன. இது வறியோர்க்கு ஒரு தரம், வசதியுடையோர்க்கு ஒரு தரம் என்பதாகாதா? நேபாளத்தில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, இரண்டாலும் சிறந்த பார்வை கிட்டியதைக் காட்டியது. முதிர்ந்த புரையுடன் வரும் சிற்றூர் நோயாளர்க்குச் சிறுகீறல் முறை மிகவும் ஏற்றது என்பதும் உண்மையே. எனினும் இவ்வினா ஒருமுறை விடையளித்து மூடிவிடத்தக்கதன்று. ஒவ்வொரு காலத்திலும் மீளக் கேட்கப்பட வேண்டியதாகும்.

5. உள்விழி வில்லை

தரத்தில் குறை வைத்தலாகாது என்னும் நெறி கடுஞ்சோதனைக்கு உள்ளானது 1980களில். அதுவரை புரையை நீக்கியபின் நோயாளர்க்குத் தடித்த கண்ணாடி வழங்குவதே வழக்கம். அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவரே. வயலில் வேலை செய்யும் மூதாட்டிக்கு அது எத்துணை நாள் தாங்கும்? இந்நிலையில் மேலைநாடுகளில் கண்ணினுள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை பரவியது. ஆனால் இறக்குமதியான ஒரு வில்லையின் விலை சுமார் 100 அமெரிக்க டாலர். வளரும் நாடுகளின் வறியோர்க்கு வில்லை தேவையில்லை, கண்ணாடியே போதும் எனக் கருதிய வல்லுநரும் அந்நாளில் இருந்தனர்.

கட்டணம் செலுத்துவோர்க்கு வில்லையும் இலவச நோயாளர்க்குக் கண்ணாடியும் என்னும் பிரிவினையை நிலைநிறுத்த விரும்பாத அரவிந்த், சேவா அறக்கட்டளை, டேவிட் கிரீன் ஆகியோரின் துணையுடன் 1992இல் ஆரோலேப் என்னும் உற்பத்திக்கூடத்தை மதுரையில் நிறுவியது. வில்லையின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகவும், பின்னர்ச் சில டாலர்களாகவும் குறைந்தது. அவ்வில்லைகள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. ஓர் அறநிறுவனம் தன் வாயிலுக்கு வந்த ஏழைக்காகச் செய்த செயல், பன்னாட்டுச் சந்தையின் விலையையே மாற்ற உதவியது. நன்கொடையாகப் பெறும் வில்லைகளைக் காத்திருந்து வழங்கியிருப்பின் இது நிகழ்ந்திராது. எளியோர்க்குத் துணைநிற்றல் என்பது சில வேளைகளில் பொருளின் விலையை உருவாக்கும் காரணங்களிலேயே தலையிடுவதாக அமைய வேண்டியிருக்கிறது.

6. இலவசம் என்பதன் எல்லை

இக்கட்டுரையின் மையமான பகுதிக்கு இப்போது வருகிறோம். அரவிந்தின் முகாம்கள் புகழ்பெற்றவை. உள்ளூர் அமைப்பு ஒன்று இடமும் விளம்பரமும் ஏற்பாடு செய்யும். மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். அறுவை தேவைப்படுவோர் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, உணவும் தங்குமிடமும் அளிக்கப்பெற்று, அறுவைக்குப் பின் ஊரில் கொண்டுவிடப்படுவர். இதனினும் மேலாக என்ன செய்ய இயலும் என்று தோன்றும்.

ஆயின் 1999இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தமிழகச் சிற்றூர்களில் கண் குறைபாடு உடைய பெரியவர்களுள் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். அரவிந்தைச் சேர்ந்தோரும் அவ்வாய்வில் பங்குகொண்டனர் என்பது கருதத்தக்கது. வராதவர்கள் கூறிய காரணங்கள் எளியவை: அச்சம், துணைக்கு வருவார் இன்மை, வீட்டுப் பொறுப்பு, வேலையை விட இயலாமை, இந்த அளவுப் பார்வை போதும் என்னும் எண்ணம். அறுவை இலவசமாயினும், துணைக்கு வரும் மகனோ மகளோ இழக்கும் நாட்கூலி இலவசமன்று. முதுமையில் பார்வை மங்குவது இயற்கை என ஏற்றுக்கொண்டவர் நோயாளர் என்னும் வகைக்குள் தம்மை வைத்தே பார்ப்பதில்லை. குடும்பத்தில் தம் தேவையைக் கடைசியில் வைக்கப் பழகிய மூத்த பெண்களின் நிலை இன்னும் கடினம்.

புகழின் உச்சியிலிருந்த நிறுவனம் ஒன்று, தன் கைக்கு எட்டாதோர் எத்துணையர் என்பதைத் தானே அளந்து பார்த்தது. நூறு பேரில் தொண்ணூற்று மூவர் வரவில்லை என்னும் செய்தியை அது மறைக்கவில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணும் நிறுவனத்துக்கு வெற்றி எளிது. வராதவர்களையும் எண்ணத் துணியும்போதுதான் தொண்டு முழுமை பெறத் தொடங்குகிறது.

அதன் விளைவாக 2004 முதல் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. சிற்றூர் மக்கள் சந்தைக்கும் கடைக்கும் வந்துபோகும் இடங்களில், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு நிலையங்கள் இவை. பயிற்சி பெற்ற பெண்கள் இருவரோ மூவரோ மையத்தை நடத்துவர். கண்ணைப் பரிசோதித்துப் படமெடுத்து அனுப்ப, மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளருடன் பேசி முடிவு கூறுவார். கம்பித் தொடர்பு எட்டாத தேனிப் பகுதிச் சிற்றூர்களுக்கு, பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய, நெடுந்தொலைவு செல்லும் மலிவான கம்பியில்லா இணைப்பு உதவியது. கண்ணாடி தேவையெனில் அங்கேயே பெறலாம். கட்டணம் மிகச் சிறியது. பெரும்பாலோர்க்கு நகருக்குச் செல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. இத்தகைய மையங்கள் இன்று நூற்றுக்கும் மேல் உள்ளன. மருத்துவத்தை இலவசமாக்குவதிலும், அதனை அருகில் கொண்டுசெல்வது பலருக்கு மிகுதியும் பயன்தருகிறது என்பதே இம்மாற்றம் உணர்த்தும் பாடம்.

7. நோயாளியின் மொழி

தமிழாசிரியர்கள் கருதத்தக்க கூறு ஒன்று இங்குண்டு. அரவிந்தின் இடைநிலைப் பணியாளர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வரும் இளம்பெண்கள். ஈராண்டுப் பயிற்சி பெற்றுப் பணியில் அமர்கின்றனர். இதன் பொருளியல் பயன் வெளிப்படை. இவர்களது உழைப்பே குறைந்த செலவின் அடித்தளம் என்பதையும், அதனால் அவர்களது ஊதியமும் முன்னேற்றமும் எப்போதும் கவனத்துக்குரியவை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். மருத்துவரின் புகழில் இப்பெண்களின் பங்கு மறைந்துவிடலாகாது.

மொழிப் பயனோ அதனினும் நுண்ணியது. அறுவைக்கு அஞ்சும் முதியவரிடம் பேசுபவர், அவருடைய வட்டாரத் தமிழையே பேசுகிறார். பூ விழுந்திருக்கிறது, மங்கலாய்த் தெரிகிறது என நோயாளர் கூறுவதன் பொருள் அவருக்கு விளக்கமின்றியே புரிகிறது. ஆத்தா, தாத்தா என விளிக்கும் முறை, அச்சத்தைப் பாதி குறைத்துவிடுகிறது. குறள் கூறும் நான்கு கூறுகளுள் உடனிருந்து பேணுபவரின் இடம் இதுவே. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நாம், மருத்துவத் தமிழ் என்றவுடன் பாடநூல் தமிழையே எண்ணுகிறோம். நோயாளர் தம் உடலைப் பற்றிப் பேசும் தமிழையும் தொகுத்து, அதனோடு கலைச்சொல்லை இணைத்துக் கற்பிப்பது மருத்துவத் தமிழின் மறுபாதியாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் முதியோர் மருத்துவமனைக்குச் செல்லும்போது, பேரப்பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளராக நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவர் நாமே.

8. பொருத்தமும் வரம்பும்

அரவிந்தின் முறையை அப்படியே எங்கும் பெயர்த்து நடலாம் என்பது மிகையான கூற்று. அதன் பயிற்சிப் பிரிவாகிய லைக்கோ, 1992 முதல் இந்தியாவிலும் பிற வளரும் நாடுகளிலும் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட கண் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. கண் மருத்துவத்துக்குள் அது பரவத்தக்கது என்பதற்கு இது சான்று. ஆனால் கண்புரைக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. ஒரே அறுவையில் குணமாகும். ஒவ்வொரு நோயாளர்க்கும் ஏறத்தாழ ஒரே செயல்முறை. செலவு ஒருமுறை மட்டும். பயன் மறுநாளே தெரியும்.

சிறுநீரகச் செயலிழப்பை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. வாரத்துக்கு மூன்று முறை, வாழ்நாள் முழுவதும் குருதிச் சுத்திகரிப்பு வேண்டும். எண்ணிக்கை கூடுவதால் செலவு ஓரளவே குறையும். நோயாளர் கூடக்கூடப் பொறுப்பு ஆண்டுதோறும் குவியும். மலேசியாவில் அரசும் தனியாரும் மட்டுமன்றி, அறநிறுவனங்களும் இச்சுத்திகரிப்பு மையங்களை நடத்துகின்றன. அவை கட்டண நோயாளரின் உபரியைக் கொண்டு இயங்குதல் அரிது. பொதுமக்களின் நன்கொடையையும் அரசின் மானியத்தையும் தொடர்ந்து நாட வேண்டும். நன்கொடையை நம்பி வாழும் நிறுவனத்துக்கு நம்பிக்கையே முதல். சிங்கப்பூரில் 1969இல் தோன்றிய தேசியச் சிறுநீரக அறநிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டாகும். 2005 சூலையில், அதன் கையிருப்பைப் பற்றி மக்களுக்குக் கூறப்பட்டதும் உண்மையும் வேறுபட்டதும், தலைமை நிருவாகியின் உயர்ந்த ஊதியமும் நீதிமன்றத்தில் வெளிப்பட, நிருவாகக் குழுவே விலக நேர்ந்தது. நோயாளர்க்கான பணி புதிய தலைமையின்கீழ்த் தொடர்ந்தது. அறநிறுவனங்களின் மீதான கண்காணிப்பும் அதன்பின் அந்நாட்டில் கடுமையாயிற்று. இலாப நோக்கு இல்லை என்பது மட்டும் நேர்மைக்கு உறுதியாகாது. கணக்கைத் திறந்து காட்டலும் அவ்வறத்தின் பகுதியே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அரசின் கடமையை அறநிறுவனங்கள் ஈடுசெய்துவிடும் எனவும் கருதலாகாது. மலேசியாவில் குடிமக்கள் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒரு ரிங்கிட் செலுத்தி மருத்துவம் பெறும் நிலை, அறநிறுவனம் எதுவும் தனித்து வழங்கவியலாத பாதுகாப்பாகும். அரசு எட்டாத இடைவெளிகளை அறிந்து அங்கு நிற்பதே அறநிறுவனங்களின் தகுந்த இடம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகளை நாம் அடைகிறோம். எளியோர்க்கான மருத்துவம் நிலைத்திருக்க, இரக்கத்தோடு ஒழுங்கமைப்பும் வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டே அதற்குப் பழஞ்சான்று. உதவி பெறுவோரின் தன்மதிப்பைக் காக்கும் முறை, அமைப்பின் வடிவிலேயே இடம்பெற வேண்டும். இலவசம் என்பது தொடக்கமே. தொலைவும் அச்சமும் இழக்கும் கூலியும் நீங்கினாலன்றி மருத்துவம் சென்றடைவதில்லை. ஒரு நோய்க்குப் பொருந்திய முறை மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போகலாம் என்னும் தெளிவும் வேண்டும்.

நம் துறையினர்க்கும் இதில் பணி உண்டு. ஈகையைப் பற்றிய பாடத்தைக் கற்பிக்கும் வகுப்பறையில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனையையும் அருகருகே வைத்துப் பேசலாம். முன்னதன் பட்டியலில் பணியாளர்க்குரிய நெல் எழுதப்பட்டிருந்தது. பின்னதன் பட்டியலில் முகாமுக்கு வராதவர்களின் எண்ணிக்கை எழுதப்பட்டது. இவ்விரு பட்டியல்களுக்கும் இடையே அறம் பற்றிய நம் எண்ணம் எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.